சாத்தம் ஜெட்டியில் கணக்கெடுப்பவர் யார்?

இந்திய அரசின் மாதிரி ஆய்வு அறிக்கைகளைப் பிரித்தால் முதல் சில பக்கங்களுக்குள் அந்த வாக்கியம் வந்துவிடும். ஆய்வு நாடு முழுவதும் நடந்தது, அந்தமான் நிகோபார் தீவுகளில் சென்றடையக் கடினமான ஊர்கள் நீங்கலாக. வேலைவாய்ப்பு ஆய்வானாலும் சரி, குடும்பச் செலவு ஆய்வானாலும் சரி, இந்த வரியைப் பார்க்கலாம். 2022-23ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வுக்காக 2,61,746 வீடுகளில் விவரம் திரட்டினார்கள். அரிசிக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு, செல்போன் ரீசார்ஜுக்கு எவ்வளவு என்று நாட்டின் வீட்டுக் கணக்கே அதில் இருக்கிறது. படகு என்றைக்கு வரும் என்பதைக் கடல் முடிவு செய்கிற சில தீவுக் கரைகள் மட்டும் அதில் இல்லை.

எழுதியவர்களை நொந்துகொள்ள முடியாது. போகாத ஊருக்குப் போனதாகக் கணக்கு எழுதுவதைவிட, போகவில்லை என்று அச்சில் ஒப்புக்கொள்வது எவ்வளவோ மேல். ஆனால் 2015 செப்டம்பரில் ஐ.நா.வில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளின் உயிர்நாடியே, யாரையும் பின்னால் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பதுதான். வறுமை, பசி, குடிநீர், கடல், காடு என்று விரியும் அந்த இலக்குகளை எட்டினோமா என்று பார்க்க ஐ.நா. 230க்கு மேற்பட்ட குறியீடுகளை வகுத்தது. இந்தியா 2018இல் 306 குறியீடுகளோடு தனக்கென ஒரு சட்டகம் போட்டுக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் நிதி ஆயோக் மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் மதிப்பெண் போட ஆரம்பித்தது. அந்தப் பட்டியலில் அந்தமானுக்கும் ஒரு வரி உண்டு. அந்த வரிக்குப் பின்னால் எத்தனை வீட்டுப் படி ஏறியிருக்கிறார்கள் என்று கேட்டால்தான் சங்கடம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். மாதிரி ஆய்வின் தத்துவமே அதுதான். ஆனால் பழமொழிக்குள் சொல்லாமல் சொன்ன நிபந்தனை ஒன்று இருக்கிறது. சோறு ஒரே பானையில், ஒரே தீயில் வெந்திருக்க வேண்டும். தீவுகள் தனித்தனிப் பானைகள். லிட்டில் அந்தமானின் ஹட் பேயில் எடுத்த பருக்கை நிகோபாரின் கச்சால் தீவுப் பதத்தைச் சொல்லாது. இதோடு இன்னொரு கணக்கும் சேர்ந்துகொள்கிறது. எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்பது ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்ததல்ல. ஆமா, இல்லையா என்ற கேள்வியை முறையாகத் தேர்ந்த 1,000 பேரிடம் கேட்டால், விடை 3 சதவீதப் புள்ளி முன்பின்னாகக் கிடைக்கும். 7 கோடிப் பேர் வாழும் தமிழ்நாட்டுக்கும் 1,000 பேர் போதும். 2011 கணக்கெடுப்பில் 3,80,581 பேர் இருந்த அந்தமானுக்கும் ஏறக்குறைய அதே 1,000 பேர் வேண்டும். தீவு தீவாகத் தனி விடை கேட்டால் தீவுக்குத் தீவு அத்தனை பேர். ஆய்வாளருக்குப் படிக்காசு, படகு, தங்குமிடம், புயல் வந்தால் காத்திருப்பு. டெல்லியில் பட்ஜெட் போடுகிறவர் முதலில் எதை வெட்டுவார் என்று ஊகிக்க ஞானம் வேண்டியதில்லை.

இந்த ஓட்டையைத் தனியார் நிறுவனங்களின் தரவைக் கொண்டு அடைக்கலாம் என்ற யோசனை பத்துப் பதினைந்து ஆண்டுகளாக உலகப் புள்ளியியல் வட்டாரங்களில் சுற்றி வருகிறது. அது எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்று பார்க்க சாத்தம் நல்ல இடம். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரோடு பாலத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தீவு இது. 1883இல் தொடங்கிய அரசு மர அறுவை ஆலை இங்கேதான் இருக்கிறது. 1942இல் விழுந்த குண்டு தோண்டிய பள்ளத்தை இன்றைக்கும் வேலி போட்டுக் காட்டுகிறார்கள். படாக் கட்டையும் குர்ஜன் கட்டையும் வந்து இறங்கும்போது நீளமும் சுற்றளவும் அளந்து ஏட்டில் ஏற்றாமல் ஓர் ஆலை நடக்காது. இங்கே அறுத்தது அரசு. எதிர்க்கரையில் பம்பூஃபிளாட்டில் பிளைவுட் செய்தது தனியார் ஆலை. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் வெட்டுவதற்குத் தடை போடும் காலம் வரை, அந்தமான் காடு எவ்வளவு கரைந்தது என்று தெரிய வேண்டுமானால் இரண்டு கரை ஏடுகளும் வேண்டியிருந்தன. ஆக, தனியார் கணக்கை அரசு கேட்பது புதிதே அல்ல. தொழிற்சாலைகளின் ஆண்டு ஆய்வு சட்டப்படி கேட்டு வாங்கும் கணக்குதான். புதிது என்னவென்றால், இப்போது கேட்காமலே, யாரும் எழுதாமலே, ஏடு நிரம்பிக்கொண்டிருக்கிறது.

சாத்தம் ஜெட்டியில் பம்பூஃபிளாட் படகுக்கு நிற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சாலை வழியாகப் போனால் ஃபெரார்கஞ்ச் பக்கம் நெடுந்தூரம் சுற்ற வேண்டும் என்பதால் பைக்கோடு படகில் ஏறுகிறார். சாய்தளம் இறங்கியதும் பைக்குகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு உள்ளே போகின்றன. நிற்கிற இடைவெளியில் டீ குடித்துவிட்டு க்யூ.ஆர். அட்டையில் பணம் போட்டிருக்கிறார். அது பணம் அனுப்பும் செயலி நிறுவனத்தின் கணக்கில் ஏறிவிட்டது. சட்டைப் பையில் இருக்கும் போன், அவர் பேசாவிட்டாலும், எந்த டவருக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. நடுவழியில் வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் நேரம், நிமிடம், டவர் எண் எல்லாம் நிறுவனத்தின் சர்வரில் பதிவு. அக்கரையில் பெட்ரோல், மருந்துக் கடை பில், மனைவிக்கு வரும் கூரியர் பொட்டலம். யாரும் இதைப் புள்ளிவிவரமாக எழுதவில்லை. பில் போடுவதற்காகவும் திருட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வதற்காகவும் எழுதினார்கள். ஆனால் பல்லாயிரம் பேருடைய இந்தத் தடயங்களை ஒன்றாக அடுக்கினால், எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்கு மருத்துவத்துக்கு வருகிறார்கள், எந்த மாதம் கடைக்காரர் கையில் பணப்புழக்கம் வற்றுகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஆய்வு இதை மாதாமாதம் சொல்ல முடியாது.

இந்தத் தடயம் எப்போது உயிர் காக்கும் என்பதற்கு 2004 டிசம்பர் 26க்குப் போக வேண்டும். சுனாமியில் அந்தமான் நிகோபாரில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் அரசுக் கணக்கில் சுமார் 3,500 பேர். அவர்களில் பெரும் பகுதி நிகோபார் தீவுக் கூட்டத்தில். இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களை 1970களில் ரப்பர் தோட்ட வேலைக்குக் குடியமர்த்திய கச்சால், பேரழிவைச் சந்தித்த தீவுகளில் ஒன்று. ஜெட்டிகள் உடைந்து கிடந்தன. உயிர் பிழைத்தவர்கள் கப்பலிலும் விமானத்திலும் போர்ட் பிளேர் முகாம்களுக்கு வந்தார்கள். எந்தத் தீவில் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் எங்கே போனார்கள் என்பதை முகாம் பதிவேட்டை வைத்தும் ஊர்த்தலைவர்கள் சொன்னதை வைத்தும்தான் தேற்ற வேண்டியிருந்தது. அன்றைக்கு அந்தத் தீவுகளில் எல்லார் கையிலும் போன் இல்லை.

ஐந்து ஆண்டு கழித்து, 2010 ஜனவரி 12 அன்று, ஹெய்தியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் நிலநடுக்கத்தில் சரிந்தது. அங்கே பலர் கையில் போன் இருந்தது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் டிஜிசெல் என்ற செல்போன் நிறுவனத்திடமிருந்து, பெயரும் எண்ணும் நீக்கிய சுமார் 19 லட்சம் சிம் கார்டுகளின் இடப்பதிவை வாங்கினார்கள். நிலநடுக்கத்துக்கு முன் தலைநகர டவர்களில் இருந்த சிம்கள் பின்னர் எந்த ஊர் டவரில் எழுந்தன என்று பார்த்தார்கள். 19 நாளுக்குள் ஏறத்தாழ 6,30,000 பேர் நகரைவிட்டு வெளியேறியிருந்தார்கள் என்றும், எந்தெந்த மாவட்டத்துக்குப் போனார்கள் என்றும் கணித்தார்கள். பின்னால் ஐ.நா. வீடு வீடாக நடத்திய ஆய்வோடு வைத்துப் பார்த்தபோது, எந்தப் பக்கம் எத்தனை பங்கு போனார்கள் என்ற பரவல் நன்றாகவே ஒத்துப்போனது. அதே ஆண்டு அக்டோபரில் காலரா பரவியபோது, நோய்ப் பகுதியிலிருந்து மக்கள் எங்கே போகிறார்கள் என்ற கணிப்பை அரை நாளுக்குள் உதவிக் குழுக்களுக்குக் கொடுத்தார்கள். இந்த வேலை பிற்பாடு ஃப்ளோமைண்டர் என்ற அமைப்பாகி, 2015 நேபாள நிலநடுக்கத்தின்போது என்செல் நிறுவனத்தோடும், பிறகு கானா நாட்டின் புள்ளியியல் துறை, வோடஃபோன் இரண்டோடும் சேர்ந்து நடந்தது.

ஹெய்திக் கதையைச் சொல்கிறவர்கள், வீடு வீடாகப் போன ஆய்வு இருந்ததால்தான் போன் கணக்கு சரி என்று தெரிந்தது என்பதை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். நாம் தாண்டக்கூடாது. ஏனென்றால் அந்தமானில் அந்த உரைகல்தான் மெலிந்து கிடக்கிறது.

போன் பதிவு ஆள் கணக்காக மாறும் விதம் இது. ஒரு சிம் இரவு நேரத்தில் பெரும்பாலும் எந்த டவரில் நிற்கிறதோ அதை அந்த ஆளின் வீடு என்று வைத்துக்கொள்கிறார்கள். டவரைச் சுற்றி ஓர் எல்லை வரைகிறார்கள். நிறுவனத்தின் சந்தைப் பங்கைப் பார்த்து எண்ணிக்கையைப் பெருக்குகிறார்கள். சென்னையில் தெருவுக்குத் தெரு டவர் இருப்பதால் இது ஓரளவு சரியாக வரும். தீவில் வராது. ஜி.எஸ்.எம். தொழில்நுட்பத்தில் ஒரு டவர் கோட்பாட்டளவில் 35 கிலோமீட்டர் வரை எட்டும். அலையைத் தடுக்க நடுவில் கட்டடம் ஏதும் இல்லாத கடலில் மீன்பிடிக்கிறவரும் கரையில் தூங்குகிறவரும் ஒரே டவரில் இருப்பார்கள். சாத்தத்தில் நிற்கிறவரின் போன் விரிகுடாவுக்கு அக்கரையில் உள்ள டவரைப் பிடித்தால், அவர் போகாத ஊரில் இருந்ததாகப் பதிவாகும். ஒரே டவர் உள்ள சிறு தீவில் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை தூரம் நடக்கிறார்கள், தண்ணீருக்கு எங்கே போகிறார்கள் என்பது அறவே தெரியாது. எல்லார் இருப்பிடமும் ஒரே எண்தான். தெரிவது ஒன்றே ஒன்று. கப்பலேறியவரின் போன் சில மணி நேரம் ஊமையாகி, பிறகு வேறொரு தீவில் விழித்துக்கொள்வது. போக்குவரத்து இலாகாவுக்கு அதுவே புதையல். ஊட்டச்சத்து இலாகாவுக்கு அதனால் பயனில்லை.

கையில் போன் யாரிடம் இருக்கிறது என்பது அடுத்த சிக்கல். ஒருவரிடம் இரண்டு சிம், ஒரு குடும்பத்துக்கே ஒரு போன், இரண்டும் நம் நாட்டில் சகஜம். தான் பயன்படுத்தத் தனக்கென்று போன் உள்ள பெண்கள் நாட்டில் 54 சதவீதம் என்றது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. மீதிப் பெண்களின் நடமாட்டம் கணவன் சட்டைப் பையில் போகிறது. வறுமையையும் பாலின இடைவெளியையும் அளக்கப் போகும் கருவி, வறியவர்களையும் பெண்களையும்தான் முதலில் தவற விடுகிறது. ருவாண்டாவில் ஜோஷுவா ப்ளூமென்ஸ்டாக் குழு இதைக் கொஞ்சம் சமாளித்தது. 856 பேரிடம் போனில் பொருளாதார நிலையைக் கேட்டு, அவர்களுடைய அழைப்புப் பழக்கத்தோடு அதை ஒப்பிட்டுக் கணினிக்குப் பழக்கி, 15 லட்சம் சந்தாதாரர்களின் வசதியை மதிப்பிட்டு 2015இல் வெளியிட்டது. அங்கேயும் அந்த 856 பேரிடம் கேட்டது மனிதர்கள்தான்.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடி ஒளியிழைக் கேபிள் திறக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர். அதுவரை தீவுகளின் வெளியுலகத் தொடர்பு செயற்கைக்கோளை நம்பி நொண்டிக்கொண்டிருந்தது. தீவுகளின் இணையப் பயன்பாட்டு வரைபடத்தை மட்டும் பார்த்து, அந்த ஆண்டிலிருந்து வளம் கொழித்தது என்று யாராவது எழுதினால், அவர் அளந்தது கேபிளை. மக்கள் வாழ்க்கையை இல்லை. கேபிள் போர்ட் பிளேர், ஸ்வராஜ் த்வீப், ரங்கத், லாங் ஐலண்ட், லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார் ஆகிய இடங்களில் கரையேறியது. கச்சால் அந்தப் பட்டியலில் இல்லை. அரசு ஆய்வுக்கு எது எட்டாக்கையோ, வணிகத்துக்கும் பெரும்பாலும் அதுவே எட்டாக்கை.

எனக்கு உண்மையிலேயே வியப்பளித்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் மாதந்தோறும் செல்போன் சந்தாதாரர் எண்ணிக்கையை வெளியிடுகிறது. நிறுவனங்கள் கொடுக்கும் தரவு, பொதுவில் கிடைக்கிறது. அதில் அந்தமானைத் தேடினால் கிடைக்காது. தனியார் நிறுவனங்களுக்கான உரிம வரைபடத்தில் அந்தமான் நிகோபார், சிக்கிமோடு சேர்ந்து மேற்கு வங்க வட்டத்துக்குள் அடக்கம். லட்சத்தீவு கேரளத்துக்குள் அடக்கம். அரசு ஆய்வில் ‘நீங்கலாக’ என்று வெளியே நின்ற தீவு, நிறுவனக் கணக்கில் ‘உட்பட’ என்று கரைந்துபோகிறது. நிறுவனத்தின் சர்வரில் டவர்வாரியாக எல்லாம் இருக்கும். வெளியே வருவது கொல்கத்தாவைத் தவிர்த்த வங்கத்தோடு கலந்த ஒரு மொத்தம். தனியார் தரவைப் பற்றிப் பேசுகிறவர்கள் கணினி நுட்பத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எந்த எல்லைக்கோட்டின்படி பிரித்துத் தருவது என்று ஒரு பக்கத் தாளில் ஒப்பந்தம் எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கடலுக்கு வருவோம். 2004 இறுதியிலிருந்து, பன்னாட்டுப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் தங்கள் பெயர், இடம், வேகம், திசை ஆகியவற்றை வானொலி அலையில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஏ.ஐ.எஸ். என்பார்கள். மோதாமல் இருக்க வந்த ஏற்பாடு. அந்தக் குரலைத் தனியார் செயற்கைக்கோள்கள் மேலிருந்து ஒட்டுக்கேட்டு விற்கின்றன. ஐ.நா. புள்ளியியல் குழு அதை வைத்து வணிகத்தையும் துறைமுக நெரிசலையும் கணிக்கிறது. 2016இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த குளோபல் ஃபிஷிங் வாட்ச், எந்தக் கப்பல் எங்கே வலை போடுகிறது என்று காட்டுகிறது. மலாக்கா நீரிணைக்குப் போகும் பெருங்கப்பல்கள் கிரேட் நிகோபாரின் தெற்கே அணிவகுப்பதை யாரும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். 14ஆம் இலக்கான கடல் வளத்துக்கு இதைவிட மலிவான கண்காணிப்பு இல்லை என்று தோன்றும். ஆனால் அந்தமான் கடலில் உண்மையில் பறிபோவது என்ன? கடல் அட்டை. 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாதுகாக்கப்படும் உயிரினம். அதைத் திருட மியான்மரிலிருந்து வரும் படகு, நான் இங்கே இருக்கிறேன் என்று கூவிக்கொண்டா வரும்? 2024 ஜனவரியில் நேச்சர் இதழில் வந்த ஆய்வொன்று, ரேடார் படங்களையும் ஏ.ஐ.எஸ். பதிவுகளையும் ஒப்பிட்டு, உலகின் தொழில்முறை மீன்பிடிக் கப்பல்களில் நான்கில் மூன்று பொதுக் கண்காணிப்பில் தெரிவதே இல்லை என்று கண்டது. அதைக் கண்டுபிடிக்க உதவிய ரேடார் படங்கள் ஐரோப்பிய அரசுகளின் பொதுப் பணத்தில் பறக்கும் செயற்கைக்கோள் எடுத்தவை.

விலைவாசியில் தனியார் தரவு நன்றாகவே வேலை செய்திருக்கிறது. அர்ஜென்டினா அரசு 2007இலிருந்து பணவீக்கத்தை ஆண்டுக்கு 8 சதவீதத்தை ஒட்டிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, எம்.ஐ.டி.யின் ஆல்பெர்டோ கவாயோ சூப்பர் மார்க்கெட் இணையதளங்களின் விலையைத் தினமும் திரட்டி அது 20ஐத் தாண்டுகிறது என்று காட்டினார். அரசே பொய் சொல்லும்போது கடைக்காரரின் விலைப்பட்டியல் சாட்சியாகிவிடுகிறது. இந்தியாவும் 2024ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய நுகர்வோர் விலைக் குறியீட்டில் இணையக் கடை விலைகளைச் சேர்க்கிறது, 25 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள 12 நகரங்களில். சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ கப்பலேறி வரும் வெங்காயத்தின் போர்ட் பிளேர் விலைக்கு அங்கே இடமில்லை. சுற்றுலாவிலும் ஐரோப்பா முந்திக்கொண்டது. ஏர்பிஎன்பி, புக்கிங், எக்ஸ்பீடியா, டிரிப்அட்வைசர் நான்கோடும் 2020 மார்ச்சில் ஐரோப்பியப் புள்ளியியல் அலுவலகம் ஒப்பந்தம் போட்டது. ஊருக்கு எத்தனை இரவுத் தங்கல் என்பது அதிலிருந்து வருகிறது. குடிநீருக்கே மழையை எதிர்பார்க்கும் ஸ்வராஜ் த்வீப் போன்ற தீவுக்கு இப்படி ஒரு கணக்கு இன்றே வேண்டும் என்பேன்.

நிறுவனங்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிக் கொடுக்கும் கணக்கு ஒன்றும் உண்டு. பங்குச் சந்தையின் முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டிலிருந்து தண்ணீர், மின்சாரம், கழிவு, பெண் ஊழியர் விகிதம் எல்லாவற்றையும் செபி கேட்கும் படிவத்தில் நிரப்பியாக வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் தீவில் இயங்கும் சிறு விடுதியும் தனியார் படகும் மீன் ஏற்றுமதிக் கொட்டகையும் அந்த ஆயிரத்தில் வராது. அங்கே ஊழியருக்கு என்ன கூலி என்று தெரிய யாராவது நேரில் போய்த்தான் கேட்க வேண்டும்.

இனி, தரவு யார் பெட்டியில் இருக்கிறது என்பது. 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை உரிம நிபந்தனையைத் திருத்தி, அழைப்புப் பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றது. அதாவது பதிவு சேமிக்கப்படுவதே சட்டத்தின் கட்டளையால். பாதுகாப்புக் காரணத்துக்காக. காவல்துறை உரிய முறையில் கேட்டால் ஒரு தனி மனிதரின் முழு நடமாட்டமும் கிடைக்கும். தீவுக்கு எத்தனை பேர் என்ற, யார் பெயரும் இல்லாத கூட்டுத்தொகை மட்டும் புள்ளியியல் துறைக்கு வாடிக்கையாகப் போய்ச் சேர வழி இல்லை. இந்தோனேசியா 2016 அக்டோபரிலிருந்து, குடிவரவுச் சாவடி இல்லாத எல்லைப் பகுதிகளில் வெளிநாட்டுப் பயணிகளைச் செல்போன் இடப்பதிவு மூலமே எண்ணுகிறது. அதுவும் தீவு நாடுதான். நிறுவனம் பெருந்தன்மையாகக் கொடுக்கும் தரவை நம்பிக் குறியீடு கட்ட முடியாது. கோவிட் காலத்தில் மாவட்டவாரியாக நடமாட்டத்தைக் காட்டிய கூகுள் அறிக்கை 2022 அக்டோபரோடு நின்றுபோனது. 2008இல் தேடல்களை வைத்து ஃப்ளூ காய்ச்சலைக் கணிக்கக் கிளம்பிய அதே நிறுவனத்தின் இன்னொரு முயற்சி, 2012-13 குளிர்காலத்தில் உண்மையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டி, 2015இல் மூடுவிழா கண்டது. 2030 வரை அளக்க வேண்டிய இலக்குக்கு 2030 வரை வரும் தரவு வேண்டும்.

அந்தரங்கம் இதில் விளையாட்டல்ல. பெயரை நீக்கிவிட்டால் போதும் என்பது நிறுவனங்களின் சாக்கு. 15 லட்சம் பேரின் 15 மாதப் பதிவை ஆராய்ந்த இவ்-அலெக்ஸாந்த்ர் தெ மோந்த்ஜுவா குழு, ஒருவர் எப்போது எங்கே இருந்தார் என்ற நான்கே நான்கு புள்ளிகள் தெரிந்தால் 95 சதவீதம் பேரைக் கூட்டத்திலிருந்து தனித்துப் பிரித்துவிடலாம் என்று 2013இல் நிறுவியது. அதனால்தான் மிகக் குறைவான சிம்கள் உள்ள டவரின் எண்ணை வெளியிடுவதில்லை என்ற வழக்கம் வந்தது. நியாயம்தான். ஆனால் நூறு இருநூறு பேர் வாழும் ஊர்களில் இந்த விதியைப் போட்டால் அட்டவணையில் கட்டங்கள் காலியாகிவிடும். ஊரைக் காட்டினால் ஆள் தெரிகிறார், ஆளை மறைத்தால் ஊர் மறைகிறது. 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு தனி ஆளைப் பற்றி முடிவெடுக்கப் பயன்படாத வரை புள்ளியியல் பணிக்கு விலக்குத் தருகிறது. வாசல் திறந்திருக்கிறது. உள்ளே எப்படி நடந்துகொள்வது என்ற விதிகளைத்தான் எழுத வேண்டும். மூன்று மாதத்தைச் சேர்த்துக் கூட்டுவது, பக்கத்து ஊர்களை இணைப்பது, தரவு நிறுவனத்தின் சர்வரைவிட்டு வெளியே வராமல் விடை மட்டும் வெளியே வருவது என்று கானா போன்ற நாடுகளில் பழகிய வழிகள் இருக்கின்றன.

வடக்கு சென்டினல் தீவைப் பற்றிக் கேட்பார்கள். 2011 கணக்கெடுப்பில் அங்கே 15 பேர், 2001இல் 39 பேர். இரண்டும் தள்ளி நின்று கண்ணில் பட்டவர்களை எண்ணியது. அங்கே சிம்மும் இல்லை, இருக்கவும் கூடாது. 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அவர்களை நம்மிடமிருந்து காக்கிறது. யாரையும் விட்டுவிடக் கூடாது என்ற வாசகத்துக்கு இந்த ஒரு தீவில் மட்டும், சும்மா விட்டுவிடு என்பதே பொருள். அட்டவணையில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அது குறையாகாது. கச்சாலின் கட்டமும் நிகோபாரிலுள்ள சௌரா தீவின் கட்டமும் காலியாக இருப்பது அப்படியல்ல.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிப்படை நேரம் 2027 மார்ச் 1ஆம் தேதி பிறக்கும் நள்ளிரவு. பதினாறு ஆண்டுக்குப் பிறகு ஒவ்வொரு தீவிலும் ஆளை ஆளாக எண்ணப்போகிறார்கள். அந்த நாட்களின் இரவுகளில் ஒவ்வொரு தீவின் டவர்களிலும் எத்தனை சிம்கள் நின்றன என்ற மொத்த எண்ணை, ஆளுக்கு ஆள் வேண்டாம், தீவுக்கு ஒன்றாக, தொலைத்தொடர்புத் துறை எல்லா நிறுவனங்களிடமும் கேட்டு வாங்கி வைக்கலாம். ரோமிங்கில் வந்த சிம்களைத் தனியே பிரித்தால் சுற்றுலாக்காரர்களில் பலரும் கழிந்துவிடுவார்கள். கார் நிகோபாரில் 100 பேருக்கு எத்தனை சிம், லிட்டில் அந்தமானில் எத்தனை, கமோர்ட்டாவில் எத்தனை என்ற விகிதம் கையில் கிடைக்கும். சிம் எண்ணிக்கையை அந்த விகிதத்தால் சரிசெய்து அதற்கடுத்த ஆண்டுகளை ஓட்டலாம். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஏதாவது இரண்டு தீவுக்கு ஆட்களை அனுப்பி விகிதம் மாறிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளலாம். கேட்பதற்கு ஒரு கடிதம், ஒத்துக்கொள்ள ஒரு கூட்டம். அந்த இரவு கடந்துவிட்டால், உரிம நிபந்தனையின்படி பதிவுகள் நிறுவனத்திடம் கட்டாயம் இருக்கும் காலம் 2 ஆண்டுதான்.